ஞாயிறு சந்திப்பு: கேம் விற்கும் தளங்கள் போட்ட தடை பற்றிப் பேசுவோம்

எல்லாருக்கும் வணக்கம். இந்த ஞாயிறு பின்னேரம் 4 மணிக்கு டச்சுக்குடா கடற்கரையில் கூடுகிறோம். இந்த முறை கோடிங் இல்லை, பேச்சு மட்டும்தான்.

2025 ஜூலையில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். பாலியல் வன்முறை கேம்களை விற்கும் தளங்களுக்குப் பணம் போவதை நிறுத்தச் சொல்லி, ஆஸ்திரேலிய அமைப்பொன்று கார்ட் நிறுவனங்களுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதியது. கணினி கேம் விற்கும் தளமான ஸ்டீம், கார்ட் நிறுவனங்களின் விதியை மீறும் கேம்களுக்கு இடமில்லை என்று புது விதி போட்டது. சிறு டெவலப்பர்கள் கேம் வெளியிடும் இட்ச்.ஐஓ தளம் வயதுவந்தோருக்கான கேம்களை ஒரே இரவில் தேடலிலிருந்து மறைத்தது. லிங்க் வைத்திருந்தவருக்குப் பக்கம் திறந்தது. பெயரை எழுத்தெழுத்தாக அடித்துத் தேடியவருக்கு ஒன்றும் வரவில்லை. ஆபாசமே இல்லாத சில கேம்களும் அதில் அகப்பட்டன. இலவசமானவற்றைப் பிறகு திரும்பக் காட்டினார்கள். ஆனால் முன்னறிவித்தல் இல்லாமல் செய்ததுதான் டெவலப்பர்களைக் கொதிக்க வைத்தது. அவர்கள் கடையைக் கேட்டதோடு நிற்காமல் விசா, மாஸ்டர்கார்ட்டுக்கே ஃபோன் போட்டார்கள். அது சரியான இடம் என்றே நான் நினைக்கிறேன். காசு போகும் வழியை வைத்திருப்பவர்தான் கடைக்கும் விதி சொல்கிறார்.

நிலாவெளித் தம்பி இடம்பெயர்வு பற்றி ஒரு கேம் செய்கிறார். போன கிழமை இரவு 11 மணிக்கு, "அண்ணா, 18+ டேக்கை எடுத்துவிடவா? முகாம் காட்சியையும் வெட்டவா?" என்று கேட்டார். இன்னும் யாரும் தடுக்கவில்லை, அவரே வெட்டப் பார்க்கிறார். எனக்கு அன்று நித்திரை வரவில்லை.

சிறுவர்களைத் துன்புறுத்தும் உள்ளடக்கத்துக்கு நாங்கள் ஒருபோதும் வக்காலத்து வாங்கப் போவதில்லை. விதியை எழுத்தில் தா, நீக்கும் முன் சொல், பதில் சொல்ல நேரம் கொடு. நாங்கள் எழுதப்போகும் கடிதத்தில் இவ்வளவுதான் கேட்கிறோம். தமிழ் வரைவை சனிக்கிழமை இங்கே போடுகிறேன், திருத்தம் இருந்தால் தயங்காமல் எழுதுங்கள். தம்பி, அந்தக் காட்சியை அதுவரை வெட்டாதீர்கள்.