கப்பலில் பறந்த கொடி

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த பிரிட்டிஷ் வரலாற்று அறிமுகக் கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். வெறும் ராஜாக்களின் பட்டியலாக இல்லாமல், கதை சொல்வதுபோல எழுதியிருந்தது பிடித்திருந்தது. தொடர்ச்சி அடுத்த இதழில் என்று போட்டிருந்தீர்கள். அதற்குள் சிலவற்றைச் சொல்லிவிடலாம் என்றுதான் இந்தக் கடிதம்.

முதலில் படம். 1601-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் முதல் கப்பல்கள் கிளம்புவதாக அரைப்பக்கத்துக்கு ஓர் ஓவியம். பாய்மர உச்சியில் இன்றைய பிரிட்டிஷ் கொடி. அந்தக் கொடி அப்போது பிறக்கவே இல்லை. அந்தக் கப்பல்களுக்கு உரியது வெள்ளைத் துணியில் சிவப்புச் சிலுவை போட்ட இங்கிலாந்துக் கொடி. ஸ்காட்லாந்து மன்னரே இங்கிலாந்துக்கும் மன்னரான பிறகு, 1606-இல்தான் ஸ்காட்லாந்தின் நீலமும் வெள்ளைப் பெருக்கல் குறியும் அதோடு சேர்ந்தன. அயர்லாந்தின் பேரில் சிவப்புப் பெருக்கல் குறி ஏறியது 1801-இல். வேல்ஸுக்கு அதில் ஒரு நூல்கூடக் கிடையாது. கொடி வரைந்த காலத்தில் வேல்ஸை இங்கிலாந்தின் கணக்கிலேயே எழுதி வைத்திருந்தார்கள்.

ஓவியர் மேல் குற்றம் சொல்ல மாட்டேன். கட்டுரையே இங்கிலாந்து, பிரிட்டன் என்று இரண்டையும் மாற்றி மாற்றிப் போடுகிறது. ஓரிடத்தில் ஸ்காட்லாந்தின் தலைநகரமான எடின்பரோ ‘இங்கிலாந்தின் வட நகரம்’ ஆகியிருக்கிறது. ஸ்காட்லாந்துக்காரர் யாராவது படித்தால் சண்டைக்கே வந்துவிடுவார்.

அப்புறம், கதை 1066-இல் நார்மன் படையெடுப்போடு தொடங்குவது. முப்பது வருஷம் வரலாறு நடத்தியவன் நான். ஒரு நாள் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் கேட்டான்: “சார், அவங்க நம்மள ஆண்டாங்க, சரி. அவங்கள யாராவது ஆண்டாங்களா?” அன்றைக்கு நானும் 1066-ஐச் சொல்லித்தான் சமாளித்தேன். அதற்கு முந்தைய ஆயிரம் வருஷத்தை ஓய்வு பெற்ற பிறகுதான் ஆற அமரப் படித்தேன்.

கி.பி. 43-இல் வந்த ரோமானியர் 410 வாக்கில்தான் அந்தத் தீவைக் கைவிட்டார்கள். சென்னையில் கோட்டை கட்டியதிலிருந்து 1947 வரை வெள்ளைக்காரர்கள் நம்மிடம் இருந்ததைவிட இது அதிகம். தீவின் வடக்கே பெரும்பகுதி ரோமானியருக்கு வசப்படவில்லை. 122-இல் ஹேட்ரியன் என்ற பேரரசர் கடலிலிருந்து கடல்வரை 117 கிலோமீட்டருக்குச் சுவர் எழுப்பத் தொடங்கினார். அந்தச் சுவருக்குக் கொஞ்சம் தெற்கே விண்டோலாண்டா என்ற கோட்டை இருந்தது. 1973 முதல் அங்கே ஈர மண்ணுக்குள்ளிருந்து மெல்லிய மரச் சீவல்களில் மையால் எழுதிய கடிதங்கள் கிடைத்துவருகின்றன. ஒரு அதிகாரியின் மனைவி கிளாடியா செவெரா, செப்டம்பர் 11 தன் பிறந்தநாள், அவசியம் வர வேண்டும் என்று இன்னொரு அதிகாரியின் மனைவியை அழைக்கிறார். கடிதத்தை எழுத்தர் எழுதியிருக்கிறார். கடைசி வரிகள் மட்டும் செவெராவின் கைப்படவே. இன்னொரு சீவலில் உள்ளூர் ஜனங்களைப் பற்றி ஒரு குறிப்பு: ‘பிரிட்டுங்குலி’. ‘அற்ப பிரிட்டன் பயல்கள்’ என்கிற மாதிரி இளக்காரமான சொல். பின்னாளில் ‘நேட்டிவ்’ என்று நம்மைச் சொன்ன அதே தொனி.

நமக்கு இன்னும் நெருக்கமான ஒன்றும் அந்தச் சீவல்களில் இருக்கிறது: 2 தெனாரியஸுக்கு (ரோமானிய வெள்ளிக்காசு) மிளகு வாங்கிய கணக்கு. யவனர் கப்பல் முசிறிக்குப் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதை அகநானூறு பாடுகிறதே, அந்த வாணிபத்தின் மறுமுனை இது. மழையும் குளிருமாக இருக்கும் அந்த எல்லைக் கோட்டை வரைக்கும் நம் மேற்குக் கடற்கரைச் சரக்கு போயிருக்கிறது. 1992-இல் இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் ஒரு விவசாயி வயலில் சுத்தியலைத் தொலைத்துவிட, உலோகம் காட்டும் கருவியோடு தேடப்போன நண்பருக்கு ரோமானியப் புதையலே அகப்பட்டது. 14,000-க்கு மேல் காசுகள். கூடவே வெள்ளியில் செய்த மிளகுச் சிமிழ்கள், அதில் ஒன்று ராணிபோல அலங்காரம் செய்துகொண்ட பெண்ணின் உருவத்தில். எல்லாம் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. அந்தச் சுத்தியலும்தான்.

ரோமானியர் போன பிறகு வட கடலைத் தாண்டி வந்தவர்களில் ஆங்கிள்கள் என்று ஒரு கூட்டம். ‘ஆங்கிலேயர்’ என்று நாம் சொல்வது அவர்கள் பெயரைத்தான். வந்தவர்கள் ஏற்கெனவே அங்கிருந்தவர்களை ‘வேலாஸ்’, அதாவது அந்நியர், என்று அழைத்தார்கள். வேல்ஸ் என்ற பெயர் அதிலிருந்து வந்தது. சொந்த மண்ணிலேயே அந்நியர்! வேல்ஸ் மொழிக்காரர்கள் தங்கள் நாட்டை இன்றும் ‘கம்ரி’ என்பார்கள். ஆங்கிலேயரை ‘சைசன்’, அதாவது சாக்சன் என்பார்கள்.

நார்மன்களைப் பற்றியும் எட்டாம் ஹென்றியின் ஆறு கல்யாணங்களைப் பற்றியும் கட்டுரை விரிவாகவே சொல்லிவிட்டது. மாக்னா கார்ட்டாவில் மட்டும் ஒரு திருத்தம். 1215-இல் அது மக்களுக்கு ஜனநாயகம் தந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அது பிரபுக்களும் ஜான் மன்னரும் போட்டுக்கொண்ட உடன்படிக்கை. சில வாரங்களிலேயே போப் அதைச் செல்லாது என்று அறிவித்துவிட்டார். மன்னர் இறந்த பிறகு திருத்தித் திருத்தி மறுபடி வெளியிட்டதால்தான் அது பிழைத்தது. ஓட்டு விஷயம் எங்கோ தள்ளி இருந்தது. 1819-இல்கூட மான்செஸ்டர் அளவுள்ள ஊருக்குத் தனி எம்.பி. கிடையாது. அங்கே செயின்ட் பீட்டர்ஸ் மைதானத்தில் பிரதிநிதித்துவம் கேட்டுக் கூடிய சுமார் 60,000 பேர் மீது குதிரைப்படையை ஏவிவிட்டார்கள். குறைந்தது 15 பேர் செத்தார்கள். ஆணும் பெண்ணும் 21 வயதில் சமமாக ஓட்டுப் போட 1928 வரை ஆனது.

கட்டுரை ஒரே வரியில் தாண்டிப் போன 1707-க்கு வருகிறேன். எனக்கு இதுதான் மொத்தக் கதையிலும் முக்கியமான இடம். 1603-லிருந்து இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் ராஜா ஒருவர்தான், ஆனால் நாடாளுமன்றம் தனித்தனி. 1698-இல் ஸ்காட்லாந்துக்காரர்கள் தாங்களும் ஒரு குடியேற்றம் அமைக்கலாம் என்று பனாமா பக்கம் டேரியனுக்குக் கப்பல் விட்டார்கள். காய்ச்சல், பட்டினி, ஸ்பானியர் முற்றுகை. 1700-க்குள் எல்லாம் முடிந்தது. பிரபு முதல் சாதாரண வியாபாரி வரை போட்ட பணம் போயிற்று. இரண்டு நாடாளுமன்றங்களின் இணைப்புக்கு ஸ்காட்லாந்து சம்மதித்தபோது இங்கிலாந்து கொடுத்த ஏறக்குறைய 3,98,000 பவுண்டில் ஒரு பங்கு அந்த முதலீட்டாளர்களின் நஷ்டத்தை ஈடுகட்டத்தான் போனது. பணம் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது, அரசுரிமைச் சிக்கலும் இருந்தது. ஆனாலும் 1707 மே 1-இல் ‘கிரேட் பிரிட்டன்’ என்ற அரசு உருவான கதையை டேரியனை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது.

அதோடு இங்கிலாந்தின் கடல் வாணிபமும் வேலைகளும் ஸ்காட்லாந்து இளைஞர்களுக்குத் திறந்தன. 1792 முதல் 1799 வரை எங்கள் பாரமகால் சீமையில் (தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரம்) நிலவரி வேலை பார்த்து, பிறகு சென்னை கவர்னரும் ஆன தாமஸ் மன்றோ கிளாஸ்கோவில் பிறந்தவர். சுவடிகளைத் தேடித்தேடிச் சேர்த்த காலின் மெக்கன்சி ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவுக்காரர். கால்டுவெல் பிறந்தது அயர்லாந்தில், பெற்றோர் ஸ்காட்லாந்து வழியினர். மூவரையும் ‘ஆங்கிலேயர்’ என்றே என் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு.

அடுத்த பகுதி 1947-ஓடு முடியும் என்று குறிப்பில் இருக்கிறது. நம்முடைய கதைக்கு அது சரியான நிறுத்தம். அவர்களுடைய கதையில் 1922-இல் அயர்லாந்தின் பெரும்பகுதி பிரிந்தது, 1948-இல் இலவச மருத்துவத் திட்டம் தொடங்கியது, 1999-இல் ஸ்காட்லாந்துக்குத் தனி நாடாளுமன்றம் திரும்பக் கிடைத்தது எல்லாம் வர வேண்டாமா? 2014-இல் பிரிந்து போகலாமா என்று ஸ்காட்லாந்தில் வாக்கெடுப்பே நடந்தது. 55 சதவீதம் பேர் இருப்போம் என்றார்கள், 45 சதவீதம் பேர் போவோம் என்றார்கள். நாலு பக்கம் கூடுதலாகக் கொடுத்தால் எல்லாம் அடங்கிவிடும்.

பக்கம் கிடைக்காவிட்டால் படத்தையாவது மாற்றிப் போடுங்கள். வெள்ளைத் துணியில் ஒரு சிவப்புச் சிலுவை. ஓவியருக்கு வேலையும் மிச்சம்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
தருமபுரி.