வண்ணமீன் வளர்ப்போர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சங்கத்தின் ஓராண்டுச் செயல்பாடுகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். செயற்குழு பன்னிரண்டு முறை கூட வேண்டியதில் ஒன்பது முறை கூடியது. மற்ற மூன்றும் போதிய வருகை இல்லாமல் ஒத்திவைக்கப்பட்டன. புதியவர்களுக்கான பயிற்சி வகுப்பு இருமுறை நடந்தது. கப்பி மீன் கண்காட்சி வழக்கம்போல் நடைபெற்றது. நூலக அலமாரி பழுதுபார்க்கப்பட்டது.

இனி இந்த ஆண்டின் முக்கியப் பணிக்கு வருகிறேன். சங்க அறையிலிருக்கும் நான்கடித் தொட்டியை முழுவதும் பிரித்து, மரக்கட்டையும் உயிர்ச்செடிகளும் கொண்டு புதிதாக அமைத்தோம். இதைப் பற்றிக் கூட்டத்துக்கு வெளியே பலவிதமாகப் பேசப்பட்டதால், நடந்ததைச் சற்று விரிவாகவே பதிவு செய்கிறேன்.

பழைய தொட்டியில் நீலக் கூழாங்கல்லும், சாயம் போன பிளாஸ்டிக் செடிகளும், மூடி திறந்து குமிழி விடும் பொம்மைப் பெட்டியும் இருந்தன. நியான் டெட்ரா மீன்கள் ஒளிய இடமின்றி நாள் முழுவதும் ஃபில்டருக்குப் பின்னால் ஒண்டிக்கிடந்தன. மீன் வளர்ப்பைக் கற்றுத்தரும் சங்கத்தின் தொட்டி அப்படி இருந்தது எனக்குப் பெரும் மனவருத்தம். சென்ற பொதுக்குழுவில் மாற்றத்துக்கு ஒப்புதல் கேட்டபோது, “செடி வைத்தால் தொல்லைதான், வீண் வேலை” என்று ஒரு மூத்த உறுப்பினர் சொன்னார். 1850ஆம் ஆண்டிலேயே லண்டன் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன், தங்கமீனையும் வாலிஸ்நேரியா செடியையும் நத்தையையும் ஒரே கண்ணாடிக் கலத்தில் வாழவைத்துக் காட்டியதை அன்றைக்கே எடுத்துச் சொன்னேன். செடி தந்த ஆக்சிஜனில் மீன் வாழ்ந்தது. அழுகிய இலைகளை நத்தை தின்று தீர்த்தது. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவையும் நைட்ரேட்டையும் செடி உணவாக எடுத்துக்கொள்கிறது. தண்ணீரைக் காப்பதே செடிதான் என்பதால்தான் இதில் இவ்வளவு பிடிவாதமாக இருந்தேன்.

முதல் வேலை மரக்கட்டை. மூன்று கட்டைகளில் பெரியது மூன்றடி நீளம், மான்கொம்புபோல் கிளை விரிந்தது. தண்ணீரில் போட்டதும் மிதந்தது. பீப்பாயில் கல்லேற்றி ஐந்து வாரம் ஊறவைத்து, இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றினேன். சிறியவை இரண்டும் மூழ்கிவிட்டன. பெரியது அப்போதும் ஒரு முனையைத் தூக்கிக்கொண்டே நின்றது. அதன் அடியில் ஒரு பலகைக்கல்லை வைத்துத் துருப்பிடிக்காத ஸ்குரூவால் முடுக்கிய பிறகே அடங்கியது. ஊறவைத்தும் தொட்டித் தண்ணீர் தேநீர் நிறத்துக்கு மாறியது. “சாக்கடைபோல் இருக்கிறது” என்று சிலர் சொன்னார்கள். அது மரத்திலிருந்து இறங்கும் டானின் என்ற இயற்கைச் சாயம். நியான் டெட்ராவின் தாயகமான அமேசான் காட்டோடைகள் பலவற்றில் தண்ணீர் அந்த நிறத்தில்தான் ஓடுகிறது. அதனால் மீனுக்குக் கேடில்லை. தண்ணீர் மாற்ற மாற்ற நிறம் குறையும் என்று சொன்னதையே சொல்லி எனக்கு வாய் வலித்தது.

இரண்டாம் வாரத்தில் கட்டை முழுவதும் வெள்ளை வழுவழுப்பு படர்ந்தது. புதுக் கட்டையில் எஞ்சிய சத்தை உண்டு வளரும் பூஞ்சையும் பாக்டீரியாவும் அவை. மருந்து ஊற்றப் போன ஓர் உறுப்பினரை நல்லவேளையாகத் தடுக்க முடிந்தது. நத்தைகளை விட்ட பத்து நாளில் கட்டை சுத்தமானது.

மண்ணை முன்புறம் 4 சென்டிமீட்டரும் பின்புறம் 10 சென்டிமீட்டருமாகச் சரித்துப் போட்டோம். பெரிய கட்டையை நடுவில் நிறுத்தாமல், இடப்பக்கமிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் நிறுத்தினேன். சத்து மண் முதல் சில வாரங்களில் அம்மோனியாவைக் கசியவிடும் என்பதால் மீன்களைப் பழைய ஃபில்டருடன் தனித் தொட்டியில் வைத்து, அந்த ஃபில்டர் ஸ்பாஞ்சில் பாதியை மட்டும் புதுத் தொட்டிக்குக் கொண்டுவந்தேன். ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் அலசக்கூடாது. அம்மோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியா அதில்தான் வாழ்கிறது, குளோரின் அதைக் கொன்றுவிடும். இதை எழுதி ஒட்டியிருந்தும் ஒருவர் அலசிவிட்டார். அதனால் மீன்கள் திரும்ப வருவது இரண்டு வாரம் தள்ளிப்போனது. அம்மோனியாவும், அது சிதையும்போது உருவாகும் நச்சான நைட்ரைட்டும் சோதனையில் தொடர்ந்து பூஜ்யம் காட்டிய பிறகே மீன்களை விட்டேன்.

செடிகளில் இரண்டு பிழைகள் நடந்தன. அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் இரண்டையும் மண்ணில் நடக்கூடாது. அவற்றின் தடித்த பச்சைத் தண்டு புதைந்தால் அழுகும். வேர்தான் கட்டையைப் பற்றி வளர வேண்டும். நான் ஊரில் இல்லாத ஒரு நாளில் நான்கு அனுபியாஸ் மண்ணுக்குள் போயின. பிடுங்கிப் பார்த்தபோது இரண்டின் தண்டு விரலில் கூழாக நசுங்கி நாறியது. மற்ற இரண்டையும் அழுகிய பகுதியை வெட்டிவிட்டுக் கட்டையில் பருத்தி நூலால் கட்டினேன்.

இரண்டாவது பிழையை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை. இலங்கையைத் தாயகமாகக் கொண்ட கிரிப்டோகொரைன் வென்டியை என்ற செடியை இடம் மாற்றினால் இலைகள் கண்ணாடிபோல் வெளுத்துக் கரைந்துவிடும். வேர் உயிரோடு இருக்கும், காத்திருந்தால் துளிர்க்கும். “செத்துவிட்டது” என்று சொல்லி யாரோ அத்தனையையும் பிடுங்கிக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டார்கள். மாலையில் கூடையைக் கிளறி மூன்று கிழங்குகளை மட்டும் மீட்டேன். மூன்று வாரம் கழித்து அவற்றில் ஒன்றில் சுண்டுவிரல் நகமளவு பழுப்பு இலை சுருள் விரித்தது. இன்று தொட்டியின் வலது மூலையில் நீங்கள் பார்க்கும் புதர் அந்த மூன்றிலிருந்து வந்ததுதான்.

கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் பொருத்தச் சிலர் யோசனை சொன்னார்கள். அளவு மிஞ்சினால் மீன்கள் மேற்பரப்பில் வாய் திறந்து திணறும். அருகிருந்து கவனிக்க ஆள் வேண்டும். அந்த ஆள் நம்மிடம் இல்லாததால் மறுத்துவிட்டேன். விளக்கு நாளுக்கு ஆறு மணி நேரம் போதும் என்றும் முடிவு செய்தோம். ஒருமுறை வெள்ளி முதல் திங்கள் வரை அணைக்காமல் விட்டுவிட்டதில் இழைப்பாசி கட்டை முழுவதையும் மூடியது. பல்துலக்கும் பிரஷில் நூல்போல் சுற்றிச் சுற்றி அதை எடுக்க இரண்டு மாலைகள் ஆயின. மிச்சத்தை, ஜப்பானின் செடித்தொட்டிக் கலைஞர் தகாஷி அமானோ பாசி உண்பதற்காகவே பிரபலமாக்கிய இறால்கள் பார்த்துக்கொண்டன. அதன்பின் விளக்குக்கு டைமர் வாங்கிப் பொருத்தினேன். அச்செலவைச் சங்கக் கணக்கில் எழுதவில்லை.

இந்த இடத்தில் தண்ணீர் மாற்றும் முறைப்பட்டியலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பதினான்கு பேர் விரும்பிப் பெயர் கொடுத்தார்கள். 120 சென்டிமீட்டர் நீளம், அகலமும் உயரமும் 45 சென்டிமீட்டர் உள்ள தொட்டி அது. மண்ணும் கட்டையும் போக ஏறத்தாழ 200 லிட்டர் தண்ணீர். வாரந்தோறும் மூன்றில் ஒரு பங்கை மாற்றுவதென்றால் பத்து லிட்டர் வாளியில் ஏழு வாளி வெளியே, ஏழு வாளி உள்ளே. இருவர் வந்தால் ஒரு மணி நேர வேலை. தொடக்க மாதத்துக்குப் பிறகு தவறாமல் வந்தவர்களை ஒரு கைவிரலில் எண்ணிவிடலாம். வராதவர்களில் பலர் தொட்டியின் படத்தை எடுத்து நண்பர்களுக்குக் காட்டியதாக அறிகிறேன். தொட்டி அவர்களுக்குப் பிடித்திருக்கிறது என்ற அளவில் மகிழ்ச்சியே. வர இயலாதவர்கள் முன்கூட்டியே சொல்லியிருந்தால் ஏழு வாளியையும் ஒருவரே சுமக்கும் நிலை வந்திருக்காது.

சந்தா நிலையும் மகிழ்ச்சி தருவதாக இல்லை. உறுப்பினர்களில் கணிசமானோர் இந்த ஆண்டுச் சந்தாவையும், சிலர் சென்ற ஆண்டுச் சந்தாவையும் செலுத்தவில்லை. இருமுறை கடிதமும் பலமுறை நினைவூட்டலும் அனுப்பப்பட்டன. பெயர்களை வாசிக்க நான் விரும்பவில்லை. வரவு செலவைப் பொறுத்தவரை, கண்காட்சி வரவும் வந்து சேர்ந்த சந்தாவும் ஆண்டுச் செலவுக்கு ஏறக்குறைய ஈடாயின. தொட்டிச் செலவு ஒப்புதல் அளித்த வரம்பைச் சற்றே தாண்டியது. விவரங்களைப் பொருளாளர் தனியே முன்வைப்பார்.

தலைவர், பொருளாளர், கணக்கைப் பார்த்துத் தந்த தணிக்கையாளர், அறையைத் திறந்து உதவிய காவலர், செடிகளைக் கொடுத்துதவிய உறுப்பினர்கள் ஆகிய அனைவருக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி.

வரும் ஆண்டைப் பற்றி வெளிப்படையாகவே பேசுகிறேன். டெட்ராக்கள் இப்போது ஃபில்டருக்குப் பின்னால் ஒளிவதில்லை. கட்டையின் நிழலில் ஒரே கூட்டமாக நிற்கின்றன. தேநீர் நிறத் தண்ணீரில் அவற்றின் சிவப்பு முன்பைவிட ஆழ்ந்து தெரிகிறது. இந்தத் தொட்டியை விட்டுப்போக எனக்கு மனமில்லை. ஆனால் வாரந்தோறும் தனியாக வந்துகொண்டிருக்க இனி என் உடல்நிலை இடம் தராது. தேர்தலில் என் பெயர் மறுபடி முன்மொழியப்படுமானால், சனிக்கிழமைதோறும் தண்ணீர் மாற்றும் பொறுப்பை ஏற்கும் இருவரின் பெயரும் அதனுடன் சேர்ந்து வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அப்படி யாரும் முன்வராவிட்டால் செடிகளைத் தக்க ஆளிடம் ஒப்படைப்பது பற்றிச் செயற்குழு முடிவெடுக்க நேரும்.

ஹைக்ரோஃபிலா செடி தண்ணீரின் மேல்மட்டத்தைத் தொட்டுவிட்டது. வரும் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு அதை வெட்டிச் சீர்செய்கிறோம். வெட்டிய துண்டுகள் மண்ணில் ஊன்றினாலே வேர் விடும், கேட்பவர்களுக்குக் கொடுக்கப்படும். ஒரு வாளியும் கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்