பானை நிரம்பவில்லை, தீரவும் இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் வாசகர் பக்கத்தில் ஒரு அன்பர் எழுதியிருந்தார். கிராமத்துச் சின்னக் கிறிஸ்தவ சபைகள் முதலில் தங்கள் கடனையும் ஒழுகுகிற கூரையையும் பார்க்கட்டும், ஊழியம், உதவி என்பதெல்லாம் கையில் நாலு காசு சேர்ந்த பிறகு வைத்துக்கொள்ளலாம், ஏழைப் பெண்களிடம் பிடி அரிசி வாங்குவது பாவம் என்று. அதில் பாதி எனக்கும் சம்மதம்தான். மற்ற பாதிக்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் நாங்குநேரிப் பக்கம் ஒரு கிராமத்தில் தையல் மெஷின் வைத்துப் பிழைக்கிறவள். என் அம்மா பீடி சுற்றியவள். சொளவை மடியில் வைத்துக்கொண்டு விடிந்ததிலிருந்து சுற்றுவாள், சாயங்காலம் கடையில் அதிலும் கொஞ்சத்தைச் சரியில்லை என்று கழித்துவிடுவார்கள், அந்த வாரம் அரிசிக்கடையில் கடன் ஏறிவிடும். அப்படிப்பட்ட வீட்டிலும் உலை வைக்கும்போது உழக்கால் அரிசியை அளந்து, களைவதற்கு முன்னால் ஒரு பிடி எடுத்து, சபைக்கென்று மூலையில் இருந்த கலயத்தில் போடுவாள். இதுதான் பிடி அரிசி. சோறு மிஞ்சினால் கொடுப்போம் என்பது வேறு. இது சாப்பிடுவதற்கு முன்னால் எடுத்து வைப்பது, இன்று எல்லோருக்கும் காணுமா காணாதா என்று தெரியாதபோதே எடுப்பது. சின்ன வயதில் எனக்கு இது பிடிக்காது. "நமக்கே பத்தலை, இது எதுக்கும்மா?" என்று கேட்டிருக்கிறேன். "பத்தாததுலயிருந்து எடுத்தாத்தான் அது காணிக்கை, போ, வெறகு எடுத்துட்டு வா" என்பாள். அதற்கு மேல் விளக்கம் கிடையாது.

வேதத்தில் மழையில்லாத பஞ்ச காலத்தில் வருகிற சாறிபாத் ஊர் விதவையின் கதை நமக்கெல்லாம் தெரியும். அவளிடமும் இருந்தது ஒரு பிடி மாவும் கொஞ்சம் எண்ணெயும்தான், அதைத் தின்றுவிட்டுச் சாகலாம் என்று விறகு பொறுக்கிக்கொண்டிருந்தவளிடம் போய் எலியா தீர்க்கதரிசி முதலில் எனக்கு ஒரு அடை சுட்டுக் கொண்டுவா என்கிறார். எனக்கு இப்போதும் அது கொஞ்சம் கொடுமையாகத்தான் படுகிறது, மறைப்பானேன். ஆனால் அந்தக் கதையில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. பானை நிரம்பி வழிந்தது என்று வேதத்தில் இல்லை, மாவு தீரவில்லை என்றுதான் இருக்கிறது. ஒவ்வொரு நாளும் அவள் பானைக்குள் கையை விட்டபோது அடியில் கொஞ்சம் இருந்திருக்கிறது, அவ்வளவே. மழை வரும்வரைக்கும் அவள் பணக்காரி ஆகவில்லை.

இதைத்தான் இன்றைக்கு டிவியிலும் கூட்டங்களிலும் சிலர் தலைகீழாக்கிவிட்டார்கள். ஆயிரம் விதை, லட்சம் அறுப்பாய் என்கிறார்கள். கேட்டுவிட்டுத் தாலியில் கிடந்த குண்டுமணித் தங்கத்தைக் கழற்றிப் போட்ட பெண்ணை எனக்குத் தெரியும். அறுப்பு வரவில்லை, அடகுக்கடைக்காரர்தான் வந்தார். கடிதம் எழுதிய அன்பரின் கோபம் இவர்கள் மேல் என்றால் நானும் அவர் கட்சி. இது விசுவாசம் இல்லை, லாட்டரி.

ஆனால் என் அம்மா போட்ட பிடி அரிசிக்கு அவள் எதையும் திருப்பி எதிர்பார்க்கவில்லை. இந்த வித்தியாசம் அந்தக் கடிதத்தில் காணாமல் போய்விட்டது.

காசு சேர்ந்த பிறகு என்று நம் முன்னோர் காத்திருந்தால் திருநெல்வேலியில் ஒன்றும் நடந்திருக்காது. 1903 பிப்ரவரி 12-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கினார்கள். அதைத் தொடங்கியவர்களில் முன்னின்ற அசரியா வெள்ளாளன்விளைக்காரர், அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. முந்தின வருஷம் யாழ்ப்பாணம் போனபோது அங்கிருந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தக் காசில் மிஷனெரி அனுப்புவதைப் பார்த்துவிட்டு, நாம் ஏன் வெள்ளைக்காரன் பணத்துக்குக் கைநீட்டிக்கொண்டே இருக்கிறோம் என்று அவருக்கு உறைத்திருக்கிறது. நம் ஆட்கள், நம் பணம், நம் நிர்வாகம் என்பதுதான் ஏற்பாடு. அந்தப் பணம் எங்கிருந்து வந்திருக்கும்? சபையில் பெரும்பாலோர் பனை ஏறுகிறவர்களும் மானாவாரிக் காட்டை நம்பியிருந்தவர்களும். அவர்கள் போட்ட காசில்தான் பாஷை தெரியாத தெலுங்கு நாட்டில், தோர்ணக்கல்லில் ஊழியம் நடந்தது. கூரையைச் சரிசெய்துவிட்டு வருகிறோம் என்று அவர்கள் சொல்லவில்லை.

எங்களுக்குப் பக்கத்தில் டோனாவூர் இருக்கிறது. ஊர்ப் பெயரே கோயில் கட்டப் பணம் கொடுத்த ஜெர்மன் பிரபு டோனாவின் பெயர், ஆனால் அதே ஊரில், அயர்லாந்திலிருந்து மிஷனெரியாக வந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் பணத்துக்காக யாரிடமும் முறையீடு செய்வதில்லை என்ற உறுதியோடு 1951-ல் கண்மூடும் வரை ஆதரவில்லாத அத்தனை பிள்ளைகளை வளர்த்தார். இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும்: அவர் எழுதிய புத்தகங்களை வெளிநாட்டில் நிறையப் பேர் வாசித்தார்கள், வாசித்தவர்கள் கொடுத்தார்கள். நம்மூர்ச் சபைக்கு அந்த வசதி இல்லை. நமக்குக் கலயம்தான்.

எங்கள் சபையில் 34 வீடு. மூன்று வருஷத்துக்கு முன்னால் பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லிக்கொடுக்கலாம் என்று பேச்சு வந்தபோது கமிட்டியில் சொன்னது இதேதான், ஃபண்ட் வரட்டும். வெளியூரில் இருக்கிற ஒருவர் ஷீட் போட்டுத் தருகிறேன் என்றார், அதை நம்பி எட்டு மாசம் போனது, அப்புறம் அவர் போனை எடுப்பதில்லை. கடைசியில் ஒரு பாயும் ஒரு டியூப்லைட்டும் வைத்துக் கோயில் தாழ்வாரத்திலேயே ஆரம்பித்தோம். காலேஜ் முடித்த இரண்டு பெண்கள் சொல்லிக்கொடுக்கிறார்கள், வருகிற பிள்ளைகளில் பாதி நம் சபைப் பிள்ளைகள் இல்லை, இருந்தால் என்ன.

பிடி அரிசி 19 வீட்டிலிருந்து வருகிறது. வராத வீட்டை நாங்கள் கேட்பதில்லை, பெயரை வாசிப்பதும் இல்லை. இந்த விஷயத்தில் அன்பர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி, சில இடங்களில் பெயர் வாசித்தே மனுஷரைக் கொன்றுவிடுகிறார்கள். முன்பெல்லாம் அரிசியைச் சேர்த்து ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவோம். இப்போது வருவது பெரும்பாலும் ரேஷன் அரிசி, அதை விற்கக்கூடாது. அதனால் சனிக்கிழமை அதே பிள்ளைகளுக்குக் கஞ்சி வைக்கிறோம், கூட ஒரு தேங்காய்த் துவையல். வரவு செலவு நோட்டு கோயில் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது, யாரும் எடுத்துப் பார்க்கலாம். கர்த்தரை நம்புகிறோம் என்பதற்காகக் கணக்கு எழுதாமல் இருக்க முடியுமா?

எல்லா வாரமும் சரியாக நடந்தது என்று எழுதினால் அது பொய். போன ஐப்பசி மழையில் வேலை இல்லாமல் இரண்டு சனிக்கிழமை அடுப்பு பற்றவில்லை. ஜெபித்தோம், அரிசி வரவில்லை. மூன்றாவது வாரம் வந்தது, அதுவும் நாங்கள் எதிர்பார்க்காத வீட்டிலிருந்து, முனியசாமி கோயில் தெருவிலிருந்து ஒரு அக்கா இரண்டு படி கொண்டுவந்து வைத்துவிட்டு, "எம் பேரன் இங்கதான படிக்கான்" என்றார்கள்.

அந்த அன்பர் இந்தப் பக்கம் வந்தால் ஒரு சனிக்கிழமை வரட்டும். கஞ்சி ஆறு மணிக்கு. இந்த வாரத் தேங்காய் யார் வீட்டு முறை என்றுதான் இன்னும் முடிவாகவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
நாங்குநேரி வட்டாரம்