அம்மாவுக்கு ஒரு நாகலிங்கப் பூ

கண்டி ஆஸ்பத்திரியில் ஐந்து கிழமை கிடந்த அம்மாவோடு திருகோணமலைக்குத் திரும்பி மூன்று நாளாகிறது. அம்மா முன் விறாந்தையில் இருந்து தேத்தண்ணி குடிக்கிறார். அதைப் பார்த்துக்கொண்டே இதை எழுதுகிறேன். நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். திரும்பச் சொல்ல எனக்கு இன்னும் தெம்பில்லை, நன்றியை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

யானை நிற்கும் என்று தெரிந்தும் நடுச்சாமத்தில் ஹபரணைப் பாதையால் வான் ஓட்டிய அண்ணை, உப்புவெளியில் இருந்தும் கிண்ணியாவில் இருந்தும் கண்டிக்கு வந்து இரத்தம் கொடுத்த பிள்ளைகள், கட்டுகஸ்தோட்டையில் இடம் தந்து தினமும் சோறு கட்டி அனுப்பிய குடும்பம், ஒவ்வொரு மருந்தையும் தமிழில் விளங்கப்படுத்திய வார்ட் மிஸ், கோணேசர் கோயிலில் அம்மா பெயருக்கு அர்ச்சனை செய்தவர்கள், எங்கள் செவ்வரத்தைக்குத் தண்ணீர் ஊற்றிய பக்கத்து வீட்டு அக்கா. ஒருவரையும் மறக்கவில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் நேரில் வருவேன்.

ஒருவருடைய வீடு மட்டும் எனக்குத் தெரியாது. பெயரும் தெரியாது.

ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கு விட்ட அன்று வான் வர மத்தியானமாகும் என்றார்கள். ஐந்து கிழமையாகக் கூரையையே பார்த்துக் கிடந்த அம்மா, "ஒரு மரத்தடியில் கொஞ்ச நேரம் இருந்தால் போதும் தம்பி" என்றார். சக்கர நாற்காலியை மடித்து ஓட்டோவில் போட்டுக்கொண்டு பேராதனைப் பூந்தோட்டத்துக்குப் போனோம்.

வைகாசி தொடங்கியிருந்தது. எங்கள் ஊரில் கொன்றை பூத்து வெயிலோடு வெயிலாக நிற்கும் காலம். அங்கே முதல் நாள் மழை பெய்திருந்தது. மகாவலி சுற்றி ஓடும் அந்த 147 ஏக்கரில் எதைப் பார்ப்பது? அம்மா தூரத்தில் ஒரு மரத்தைக் காட்டினார். அடிமரத்தில் இருந்தே கொடி கொடியாகத் தொங்கி, அதில் பூவும் பீரங்கிக் குண்டு போன்ற காயும். நாகலிங்கம். "அதற்குக் கிட்டப் போவோம்" என்றார்.

புல்லில் சில்லு புதைந்துவிட்டது. தள்ளினேன், அசையவில்லை. அப்போதுதான் சருகு கூட்டிக்கொண்டிருந்த அந்த ஐயா ஈர்க்குமாற்றைக் கீழே வைத்துவிட்டு வந்தார். அறுபது வயதிருக்கும், கையில் பௌத்தர்கள் ஓதிக் கட்டும் பிரித் நூல். ஒன்றும் கேட்கவில்லை. முன்பக்கத்தை அவர் தூக்க, நான் பின்னால் பிடிக்க, மரத்தடிக்கே கொண்டுபோய் வைத்தோம்.

அங்கே பூப் பறிக்கக்கூடாது. அவர் குனிந்து தேடி, நசியாமல் விழுந்திருந்த ஒரு பூவை எடுத்து, ஒட்டியிருந்த மண்ணை ஊதிவிட்டு, விகாரையில் பூ வைப்பதுபோல் இரண்டு கையாலும் ஏந்தி அம்மாவிடம் நீட்டினார். "சல் மல், அம்மே" என்றார். அம்மா "நாகலிங்கம்" என்றார். தடித்த இளஞ்சிவப்பு இதழ் ஆறு. நடுவில் சிறிய மேடு, அதன்மேல் படம் எடுத்த பாம்புபோல் கவிந்து நிற்கும் கேசரங்கள். அம்மா அந்தப் படத்தை விரலால் மெல்லத் தூக்கி, உள்ளே இருந்த லிங்கத்தை அவருக்குக் காட்டினார். அவர் தலையை ஆட்டினார். இருவருக்கும் மற்றவரின் மொழி தெரியாது. அப்படியே கொஞ்ச நேரம் அந்தப் பூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐந்து கிழமைக்குப் பிறகு அம்மா சிரித்ததை அப்போதுதான் பார்த்தேன்.

அந்த மரத்தை 1901இல் நட்டவர், பின்னாளில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரானவர். தென்னமெரிக்கக் காட்டில் இருந்து வந்த இனம். சிங்களவர் இதைச் சல் என்றாலும், புத்தர் கதையில் வரும் சால மரம் உண்மையில் வேறு. சரி, இருக்கட்டும். எங்கிருந்தோ வந்த ஒரு மரத்தை இரண்டு சமயத்தாரும் தங்கள் சாமியின் மரமாக ஏற்றுக்கொண்டார்களே, அதை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

திரும்பும்போதும் வாசல் வரை அவர்தான் தள்ளிவந்தார். பணம் நீட்டினேன், கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். பெயர் கேட்க வேண்டும் என்றுகூட அந்த நேரம் எனக்குத் தோன்றவில்லை.

பேராதனைத் தோட்டத்தில் வேலை செய்யும் யாராவது இதை வாசித்தால், தயவுசெய்து அவருக்குச் சிங்களத்தில் சொல்லுங்கள்: அம்மா இப்போது சுவரைப் பிடித்து நடக்கிறார். பூ அவருடைய தேவாரப் புத்தகத்துக்குள் இருக்கிறது, கறுத்துவிட்டது, ஆனாலும் எடுக்க விடுகிறார் இல்லை. ஆவணியில் கிளினிக்குக்கு வரும்போது அந்த மரத்தடிக்கு வருவோம். நல்ல பாரைக் கருவாடு கொண்டுவரச் சொல்லி அம்மா இப்போதே ஆள் பிடித்து வைத்திருக்கிறார்.