ஒண்ணேகால் லிட்டர் பாட்டிலில் தொடங்கு

அன்புள்ள முருகேசனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வள்ளியூர்ப் பக்கமே மாற்றல் கிடைத்ததும், பள்ளி மைதானத்திலிருந்து மகேந்திரகிரி மலை தெரிகிறது என்று நீ எழுதியதும் மனசுக்கு நிறைவாக இருந்தது. அம்மாவுக்கு மூட்டுவலி தேவலையா? இங்கே எல்லோரும் சுகம்.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை பஸ் பிடித்து ராக்கெட் காட்டக் கூட்டிப்போகலாமா என்று கேட்டிருந்தாய். கூட்டிப்போ, ஆனால் அதை இரண்டாவதாக வைத்துக்கொள். பீடி சுற்றும் வீட்டிலிருந்தும் செங்கல் சூளையிலிருந்தும் வருகிற பிள்ளை, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கும் ராக்கெட்டைப் பார்த்தால் ‘இதெல்லாம் பெரிய இடத்து ஆட்கள் செய்வது’ என்று நினைத்துக்கொண்டே திரும்பிவிடும். தன் கையால் ஒன்றைப் பறக்கவிட்டு, அது ஏன் சாய்ந்தது என்று தானே கண்டுபிடித்த பிள்ளை போனால் பத்துக் கேள்வியோடு போகும்.

அதனால் தண்ணீர் ராக்கெட்டில் தொடங்கு. பாட்டிலில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கவிழ்த்து, பம்பால் காற்று ஏற்றித் திறந்துவிட்டால், தண்ணீர் கீழே பீய்ச்ச பாட்டில் மேலே பாயும், அவ்வளவுதான். கலர் அடைத்து வரும் ஒண்ணேகால் லிட்டர் பாட்டில்தான் வேண்டும். குடிதண்ணீர் பாட்டில் மெல்லிசு, அழுத்தம் தாங்காது. ஏவுவதற்கு அரை இஞ்ச் யூபிவிசி பைப். அதன் வெளிவிட்டம் 21.3 மி.மீ., பாட்டில் வாயின் உள்விட்டம் ஏறக்குறைய 21.7. பாட்டில் வாய் வந்து உட்காரும் இடத்தில் இன்சுலேஷன் டேப்பை இறுக்கிச் சுற்றி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவினால் காற்று கசியாது. பாட்டில் கழுத்து வளையத்தைப் பிடித்துக்கொள்ள பைப்பைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு கேபிள் டை (ஒயரைக் கட்டும் பிளாஸ்டிக் பட்டை), அவற்றின் தலைகளை நெருக்கிப் பிடிக்க அகலமான பைப்பில் வெட்டிய ஒரு வளையம். வளையத்தில் கட்டிய கயிற்றைக் கீழே இழுத்தால் டை விரியும், ராக்கெட் கிளம்பும். பைப்பின் அடியில் எண்ட் கேப் போட்டு, அதில் நட்டு முறுக்கும் வகை டயர் வால்வை மாட்டு. பம்ப் அழுத்தம் காட்டும் கேஜ் வைத்ததாக இருக்கட்டும்.

பறக்கவிடும் முன் ஒவ்வொரு பாட்டிலையும் சோதிக்க வேண்டும். வாய் விளிம்பு வரை தண்ணீர் நிரப்பி, 80 பிஎஸ்ஐ (டயர் காற்றை அளக்கும் அதே அழுத்த அலகு) வரை ஏற்றிப் பார். தண்ணீர் சுருங்காது என்பதால் பாட்டில் கிழிந்தாலும் பொசுக்கென்று போகுமே தவிர வெடித்துச் சிதறாது. பெரிய ராக்கெட்டின் மோட்டார் கூட்டையும் இப்படித்தான் தண்ணீர் ஏற்றிச் சோதிக்கிறார்கள். இதைப் பிள்ளைகளிடம் கட்டாயம் சொல். ஏவும்போது 60 பிஎஸ்ஐ-யைத் தாண்டாதே. அந்த அழுத்தத்தில் தண்ணீர் நொடிக்குச் சுமார் 29 மீட்டர் வேகத்தில் பீய்ச்சும், கிளம்பும் கணத்தில் உந்துவிசை சுமார் 30 கிலோ. மகேந்திரகிரியில் இஸ்ரோ சோதிக்கும் விகாஸ் ராக்கெட் எஞ்சினுக்கு அது சுமார் 80 டன். இரண்டுக்கும் விதி ஒன்றுதான், நியூட்டனின் மூன்றாம் விதி.

முதல் ராக்கெட் பெரும்பாலும் ஐந்தாறு மீட்டர் ஏறியதும் தலை குப்புறப் புரண்டு, காற்றில் விட்ட பனையோலை மாதிரி விழும். எடைமையம் பின்னால் இருப்பதுதான் காரணம். மூக்கில், அதாவது மேலே நிற்கும் பாட்டில் அடிப்பக்கத்தில், 40 கிராம் களிமண் வைத்து, மூன்று இறக்கைகளை வாய்ப்பக்கமாக எவ்வளவு கீழே முடியுமோ அவ்வளவு கீழே ஒட்டு. பிறகு ராக்கெட் சமநிலையில் நிற்கும் இடத்தில் நூல் கட்டித் தலைக்கு மேல் சுழற்று. மூக்கு முன்னால் போனால் நேராகப் பறக்கும். வால் முன்னால் வந்தால் இன்னும் களிமண் வேண்டும். இறக்கையை ஒட்டச் சூட்டுப் பசை வேண்டாம், சூட்டில் பாட்டில் இளகிவிடும். உப்புத்தாளால் தேய்க்கவும் கூடாது, கீறல் விழுந்த இடம்தான் முதலில் கிழியும்.

இதற்கப்புறம்தான் உண்மையான பாடம். அழுத்தத்தை மாற்றாமல் தண்ணீரை மட்டும் 200, 300, 400, 500, 600 மில்லி என்று மாற்றி, ஒவ்வொன்றையும் மூன்று தடவை ஏவட்டும். 30 மீட்டர் தள்ளி நின்று, கோணமானியில் நூலும் நட்டும் தொங்கவிட்டு உச்சிக் கோணத்தை அளக்கட்டும். 50 பாகை என்றால் 30-ஐ 1.19-ஆல் (tan 50) பெருக்கி, கண் உயரத்தைக் கூட்டினால் ஏறக்குறைய 37 மீட்டர். பத்தாம் வகுப்புக் கணக்கில் வரும் உயரங்களும் தொலைவுகளும் இதுவேதான். வரைபடத்தாளில் குறித்தால் 300, 400 மில்லி பக்கம் கோடு ஏறி, பிறகு இறங்கும். ஏன் இறங்குகிறது என்று நீ சொல்லிவிடாதே. இரண்டு நாள் ஆனாலும் அவர்களே சொல்லட்டும்.

இன்னொரு விஷயம் எனக்குப் பெரிய கவலை. பதினொன்றாம் வகுப்பில் கணக்கு இல்லாத குரூப் எடுத்துவிட்டால், பன்னிரண்டு முடித்து பொறியியலுக்குப் போகும் வழி பெரும்பாலும் அடைபட்டுவிடும். நன்றாகப் படிக்கும் பெண்பிள்ளைகள்கூட ‘கணக்கு கஷ்டம்’ என்று யாரோ சொன்னதைக் கேட்டு விலகுகிறார்கள். பெற்றோரைப் பத்தாம் வகுப்பு முடிவதற்குள் கூப்பிட்டுப் பேசு. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியலில் 7.5 சதவீத இட ஒதுக்கீடு உண்டு, அதில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது என்பது பல வீடுகளுக்குத் தெரியாது. சென்னை குரோம்பேட்டையில் உள்ள எம்.ஐ.டி. பொறியியல் கல்லூரியில் விமானப் பொறியியல் இருக்கிறது. அந்தப் பாடமேதான் வேண்டும் என்றும் இல்லை. சூரியனை ஆராயும் ஆதித்யா-எல்1 விண்கலத்தின் திட்ட இயக்குநராக இருந்த நிகார் ஷாஜி செங்கோட்டை அரசுப் பள்ளியில் படித்து, திருநெல்வேலியில் எலக்ட்ரானிக்ஸ் முடித்தவர். நிலவுக்குப் போன சந்திரயான்-3-இன் திட்ட இயக்குநராக இருந்த வீரமுத்துவேல் டிப்ளமோவில் தொடங்கியவர். ஐடிஐ ஃபிட்டர், டர்னர் முடித்தவர்களையும் இஸ்ரோ டெக்னீஷியனாக எடுக்கிறது. சீக்கிரம் சம்பாதிக்க வேண்டிய வீட்டுப் பிள்ளைக்கு அந்த வழியையும் மதிப்பாகச் சொல்.

உங்கள் ஊரில் ஆடிக்காற்றை மறந்துவிடாதே. காற்றாலை சுற்றும் நேரத்தில் ஏவினால் ராக்கெட் காற்று வரும் திசைக்கே தலையைத் திருப்பும். இறக்கை பெரிதாக இருந்தால் இன்னும் அதிகம் திரும்பும். விடிகாலையில், கரண்ட் கம்பி இல்லாத பக்கமாக வை. கயிறு ஐந்து மீட்டருக்குக் குறையக் கூடாது, பம்ப் குழாயும் அதே நீளம் இருக்கட்டும். கிளம்பாத ராக்கெட்டை யாரும் குனிந்து பார்க்கக் கூடாது, முதலில் காற்றைத் திறந்துவிட வேண்டும்.

பைப் வாங்கப் போகும்போது ஒரு காலி பாட்டிலையும் கொண்டுபோய்க் கடையிலேயே மாட்டிப் பார். விவசாயத்துக்குப் போடும் 20 மி.மீ. பைப்பைக் கொடுத்துவிடுவார்கள், அது தொளதொளவென்று இருக்கும்.

அன்புடன்,
சுந்தரம்