ஊட்டி பக்கத்துல எமரால்டு ஊர்ல இருக்கிற அண்ணனுக்கும், அன்னைக்கி ஓடி வந்த எல்லாருக்கும்

நேத்துதான் வீட்டுக்கு வந்தேன். வலது கால்ல ரெண்டு விரல் இன்னும் மரத்துப்போய்தான் இருக்கு, சரியாயிடும்னு டாக்டர் சொல்லிருக்காங்க. அந்த ராத்திரி நட்சத்திரத்தைப் படம் எடுக்க வந்து நான் தண்ணில விழுந்தது உங்க எல்லாருக்கும் தெரியும், திரும்ப எழுத எனக்குத் தெம்பில்ல. தண்ணில இருந்து இழுத்துப் போட்ட தம்பிங்க, கேரட் ஏத்தப் போயிட்டிருந்த பிக்கப்பைத் திருப்பி ஊட்டி வரைக்கும் கொண்டாந்து சேத்த டிரைவர், போட்டிருந்த ஸ்வெட்டரைக் கழட்டி எனக்கு மாட்டிவிட்ட அக்கா, விடிய விடிய பக்கத்துலயே நின்ன நர்ஸம்மா, அம்மாவைச் சமாளிச்ச மச்சான், எல்லாருக்கும் கும்பிடு.

ஆனா இத எழுத உக்காந்தது கேரட் தோட்டத்துக்குக் காவல் இருக்கிற அண்ணனுக்காக.

முதல் ரெண்டு ராத்திரியும் அவர் நெருப்புல குளிர் காஞ்சுட்டேதான் அவர்கிட்ட கதை சொல்லிட்டிருந்தேன். துருவ நட்சத்திரம் நம்ம பக்கம் ரொம்பக் கீழ தெரியும்ணே, இங்க அட்சரேகை பதினொரு டிகிரி, அதே பதினொரு டிகிரி உயரத்துலதான் அது நிக்கும், அதனாலதான் வடக்க பாத்த தண்ணிக்கரையா தேடி வந்தேன், பூமி சுத்துறதுல மத்த நட்சத்திரமெல்லாம் அதைச் சுத்தி வட்டம் போடும், காத்து இல்லாத மார்கழி ராத்திரில தண்ணிக்குள்ளயும் அதே வட்டம் விழும்னு. முப்பது செகண்டுக்கு ஒரு படமா நூத்துக்கணக்குல எடுத்து ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கணும், நடுவுல கேமரா அசையக் கூடாது, லென்ஸ்ல பனி இறங்குனா துடைக்கணும்னும் சொன்னேன். உங்க நெருப்பு வெளிச்சம் கூட ஓரத்துல விழுதுண்ணே, பரவால்லன்னேன். அவர் ஒண்ணும் சொல்லல, கட்டையைத் தள்ளிவிட்டுட்டு கேட்டுட்டே இருந்தார்.

நேத்து வந்ததும் மெமரி கார்டைத் திறந்தேன். நான் போனப்புறம் கேமராவைக் கழட்டி வெச்சிருப்பாங்கன்னுதான் நெனச்சேன். 412 படம் இருக்கு. கிட்டத்தட்ட மூணரை மணி நேரம், பேட்டரி சாகுற வரைக்கும் ஓடியிருக்கு. ஓடி வந்தவங்க டார்ச் வெளிச்சம் பத்து பதினஞ்சு படத்துல கோடு கோடா இருக்கு, அத என்னால பாக்க முடியல, தள்ளிட்டேன். அதுக்கப்புறமும் இடது ஓரத்துல அவர் நெருப்போட செவப்பு தண்ணில தெரியுது. 200 படம் தாண்டுனதும் அது மங்குது, அடுத்த ரெண்டு மூணு படத்துலயே சுத்தமா இல்லாம போயிடுது.

அந்தக் குளிர்ல அவர் நெருப்பை அணைச்சிருக்கார். என்னை வண்டில ஏத்தி அனுப்பிட்டுத் திரும்பிப் போய், புல்லு மேல உறைபனி வெள்ளையா படிஞ்சு கெடந்த ராத்திரில, காட்டுமாடு வர்ற இடத்துல, இருட்டுல கேமராகிட்ட உக்காந்திருக்கார். அரை மணிக்கு ஒருக்கா ரெண்டு படம் கருப்பா இருக்கு, மப்ளரால லென்ஸைத் துடைச்சிருக்கார். சாக்குல சுத்திக் குடிசைக்குள்ள வெச்சு, காலைல மச்சான் கையில குடுத்திருக்கார்.

போன்ல கேட்டா, கஷ்டப்பட்டு வெச்சுட்டுப் போன, வீணாகிடக் கூடாதுல்லன்னார். நான் பொழைப்பேனான்னே தெரியாத நேரம் அது. எனக்குப் பேச்சே வரல.

இனிமே தனியா தண்ணிக்கரைக்குப் போக மாட்டேன், அம்மா தலையில அடிச்சு சத்தியம் பண்ணிட்டேன். எத்தனை வருசமா படம் எடுக்குறேன், ஊர்க்காரங்க தூங்குற நேரத்துல வந்து நின்னு, விடியறதுக்குள்ள போயிடுவேன், யார் தோட்டம், யார் முழிச்சிருக்கான்னு ஒரு நாளும் யோசிச்சதில்ல.

படத்தை அடுக்கிட்டேன். சப்தரிஷி நட்சத்திரக் கூட்டம் மலைக்குப் பின்னால இருந்து ஏறி வர்றது தண்ணிலயும் தெரியுது. அவர் துடைச்ச நேரத்துலெல்லாம் கோடு சின்னச் சின்னதா விட்டுப்போயிருக்கு. அந்த இடைவெளியை நிரப்ப சாஃப்ட்வேர்ல ஒரு ஆப்ஷன் இருக்கு, நான் தொடல, அப்படியே பெருசா பிரிண்ட் போட்டுருக்கேன்.

அண்ணே, ஞாயித்துக்கிழமை கொண்டு வர்றேன். பகல்லதான் வருவேன், அம்மாவும் கூட வர்றாங்க, உங்களுக்கு ஒரு கம்பளி வாங்கி வெச்சிருக்காங்க.