தங்கச்சி, வேன் பேசுவதற்கு முன்னால்

அன்புள்ள தங்கச்சி,

பொங்கல் கழிந்ததும் உன் கல்லூரித் தோழிகள் சென்னையிலிருந்து பிள்ளைகுட்டிகளோடு வருவதாகப் போனில் சொன்னாய். சொல்லும்போதே உன் குரலில் கவலை. "எட்டயபுரத்துல காட்டுறதுக்கு என்னக்கா இருக்கு? பஸ் ஸ்டாண்டைத் தாண்டினா ஊரு முடிஞ்சுபோகுது" என்றாய். குற்றாலம், திருச்செந்தூர், கன்னியாகுமரி என்று நாளுக்கு ஒன்றாகக் கூட்டிப்போக வேன் பேசப்போகிறாயாம். அதற்கு முன்னால் இதைப் படித்துவிடு. உன்னைப் போலச் சின்ன ஊரில் வாக்கப்பட்டு, விருந்தாளி வந்தால் என்ன செய்வது என்று மலைத்துப்போகிற எல்லாரும் படிக்கட்டும் என்றுதான் இங்கேயே எழுதுகிறேன்.

கன்னியாகுமரிக்குப் போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம். குற்றாலத்தில் சாரல் ஆனி, ஆடியில்தான். தை பிறந்தால் அருவி மெலிந்துவிடும். அவர்கள் வருவது உன்னைப் பார்க்க. நீ எப்படி வாழ்கிறாய், எந்தத் தெருவில் காய்கறி வாங்குகிறாய் என்று தெரிந்துகொள்ளத்தான் அவர்களுக்கு ஆசை இருக்கும். கன்னியாகுமரியை யாரும் எப்போதும் பார்த்துக்கொள்ளலாம். எட்டயபுரத்தை நீ காட்டினால்தான் உண்டு.

முதலில் சனிக்கிழமை ஆட்டுச் சந்தை. நீயே இன்னும் அந்தப் பக்கம் போனதில்லை, எனக்குத் தெரியும். விடியும் முன்பே எழுப்பி, கருப்பட்டிக் காப்பி கொடுத்து, எல்லாரையும் நடத்தியே கூட்டிப் போ. தீபாவளி, பக்ரீத் சமயத்தில் கோடிக்கணக்கில் வியாபாரம் நடக்கிற சந்தை அது; பொங்கல் முடிந்த பிறகு கூட்டம் குறைந்து, நின்று பார்க்க வசதியாக இருக்கும். பிள்ளைகளுக்கு ஆடுகளை அடையாளம் சொல்லிக் கொடு. கறுப்பு உடம்பும் முகத்தில் இரண்டு வெள்ளைக் கோடுகளும் இருந்தால் அது கன்னி ஆடு. நெட்டைக் கால்களோடு, வெள்ளையில் மை தெளித்த மாதிரி நிற்பது கொடி ஆடு. வெள்ளை உடம்பில் செம்பழுப்புத் திட்டுகள் இருந்தால் வெம்பூர்ச் செம்மறி. வெம்பூர் நம் பக்கத்து ஊர்தான். வாங்க வந்தவர் ஆட்டின் முதுகை விரலால் அழுத்திப் பார்ப்பார், அப்புறம் அப்படியே தூக்கிப் பார்த்து எடை சொல்வார். அந்தக் கணக்கு எப்படி வருகிறது என்று பிள்ளைகளையே அவரிடம் கேட்கச் சொல். நம் ஊர்க்காரர்கள் சிறுபிள்ளை கேட்டால் சலிக்காமல் சொல்வார்கள்.

பாரதி பிறந்த வீட்டுக்கு எப்படியும் போவீர்கள், அதைப் பற்றி நான் நிறையச் சொல்ல வேண்டாம். 1882 டிசம்பர் 11 அவர் பிறந்த நாள் என்பது பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்திலேயே தெரிந்திருக்கும். 'பாரதி' என்ற பட்டம் இதே ஊர் அரண்மனைச் சபையில், பதினோரு வயதில் கிடைத்தது என்பதை மட்டும் சொல். உன் தோழிகளின் பிள்ளைகளுக்கும் கிட்டத்தட்ட அந்த வயதுதானே.

நீ நிதானமாகக் காட்ட வேண்டிய இடம் கர்நாடக இசை மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதர் சமாதி. தோழி ஒருத்தியின் மகள் வயலின் படிக்கிறாள் என்றாயே, கட்டாயம் வயலினோடு வரச் சொல். கர்நாடக இசைக்குள் வயலினைக் கொண்டுவந்த முன்னோடி பாலுசுவாமி தீட்சிதர். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி, எட்டயபுரம் ஆஸ்தான வித்வான். அண்ணன் 1835-இல் தீபாவளி நாளில் இங்கேதான் காலமானார். அந்தக் குடும்பத்தில் வந்த சுப்பராம தீட்சிதர் 1904-இல் வெளியிட்ட பெரிய இசைநூலும் இதே ஊரில் அச்சானதுதான். கரிசல் காய்ந்து கிடந்தபோது முத்துசுவாமி தீட்சிதர் அமிர்தவர்ஷினி ராகத்தில் பாட மழை கொட்டியது என்றொரு கதையும் உண்டு. அந்தப் பெண் பிள்ளை சமாதி முன்னால் உட்கார்ந்து, தெரிந்த ஒரு கீர்த்தனையை வாசிக்கட்டும். சென்னையில் எந்த மேடையும் அவளுக்கு இதைத் தராது. அங்கிருந்து உமறுப் புலவர் அடக்கத்தலத்துக்கும் போய்விட்டு வாருங்கள். சீறாப்புராணம் பாடியவர் ஓய்வெடுக்கும் ஊரிலேயே தீட்சிதரும் இருக்கிறார், பாரதியும் பிறந்திருக்கிறார். இப்படி ஓர் ஊரை வைத்துக்கொண்டு "ஒன்றும் இல்லை" என்று நீ சொன்னது எனக்குப் பொறுக்கவில்லை.

மத்தியானம் எங்கும் இழுத்துக்கொண்டு அலையாதே, தையிலும் நம் வெயில் சுடும். எல்லாரும் தூங்கட்டும். தூக்கம் வராதவர்கள் உன் மாமியாரோடு உட்கார்ந்து பேசட்டும், அவருக்குத் தெரிந்த கதையில் பாதி உனக்கே தெரியாது. சாப்பாட்டுக்குப் பனீரும் பிரியாணியும் தேடி ஓடாதே. ஒரு வேளை கம்மங்கூழும் மோர்மிளகாயும் சீனியவரைக்காய் வத்தலும் வை. வெயில் தாழ்ந்ததும் ஊருக்கு வெளியே கரிசல் காட்டில் நடந்து வாருங்கள். உளுந்தும் மக்காச்சோளமும் அறுப்புக்கு வரும் நேரம். காட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டு உள்ளே இறங்குங்கள்.

ஊருக்குக் கொடுத்துவிட கோவில்பட்டிக் கடலை மிட்டாய் போதும். மேலே கலர் தேங்காய்ப்பூ தூவியதாகப் பார்த்து வாங்கு. 2020-இல் புவிசார் குறியீடு வாங்கியது அதுதான்.

இன்னொன்று. அவர்கள் வெள்ளிக்கிழமை ராத்திரி ரயில் ஏறினால் கோவில்பட்டியில் இறங்கி வீடு வந்து சேர்வதற்குள் சந்தை பாதி கலைந்திருக்கும். வியாழக்கிழமையே ஏறச் சொல். டிக்கெட்டை இன்றைக்கே மாற்றட்டும், பொங்கல் கூட்டத்தில் அப்புறம் கிடைக்காது.

அன்புடன்,
அக்கா